எல்லோரையும் கேலி செய்தவர்

‘முகமது பின் துக்ளக்’ படத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான் துக்ளக்கும் பயணி இபுன் பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்துவிட்டதாக நாடே நம்புகிறது. துக்ளக் தேர்தலில் நிற்கிறார், ஜெயிக்கிறார், பிரதமர் ஆகிறார். கட்சி தாவி வந்தவர்களை எல்லாம் துணைப் பிரதமர் ஆக்குகிறார். பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகிறார். உண்மையில் இரண்டு பேரும் வேஷம் போட்ட சாதாரண ஆட்கள். அரசியல்வாதிகளின் யோக்கியதையையும் ஜனங்களின் ஏமாளித்தனத்தையும் அம்பலப்படுத்தப் போட்ட திட்டம் அது. வேலை முடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் துக்ளக்காக நடித்தவனுக்கு நாற்காலி பிடித்துப்போய்விடுகிறது. உண்மையைச் சொல்லப் போன பதூதாவைத் துரோகி என்று கூட்டத்திடம் மாட்டிவிடுகிறான். கூட்டம் அவனை அடித்தே கொல்கிறது.

1968-ல் மேடை நாடகமாக வந்தது, 1971-ல் படமானது. எழுதியவர், இயக்கியவர், துக்ளக்காக நடித்தவர் எல்லாம் சோ ராமசாமி.

முதல் தடவை பார்க்கும்போது இது அரசியல்வாதிகளைப் பற்றிய கதை. இன்னொரு தடவை பார்த்தால் விமர்சகனைப் பற்றிய கதை. அதிகாரத்தைக் கேலி செய்யக் கிளம்பியவன் எந்த இடத்தில் அதன் ஆளாக மாறுகிறான்? அது நடக்கும்போது, அதுவரை அவனை நம்பிக்கொண்டிருந்தவன் என்ன செய்ய வேண்டும்? சோவுக்குப் பதவி ஆசை வந்துவிட்டது என்று சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. அப்படிச் சொன்னால் கேள்வி ரொம்பச் சுலபமாகிவிடும். விலை போன விமர்சகனை வெறுப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. விலை போகாமலேயே, தன் நம்பிக்கைகளின் வழியே நடந்துபோய், நம்மை விட்டு வெகுதூரம் போய்விட்ட விமர்சகனை என்ன செய்வது என்பதுதான் சிக்கல்.

*

முதலில் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடலாம்.

1934-ல் பிறந்த சோ, படிப்பால் வக்கீல், பழக்கத்தால் நாடகக்காரர். 1970 ஜனவரி 14, பொங்கல் அன்று துக்ளக் பத்திரிகையைத் தொடங்கினார். அட்டையில் இரண்டு கழுதைகள். தொடங்கி ஒரு வருடம் கடந்த சமயத்தில் சேலம் ஊர்வலப் படங்களை வெளியிட்டதற்காக அன்றைய தி.மு.க. அரசு இதழைப் பறிமுதல் செய்தது. 1971 தேர்தலில் அதே தி.மு.க. 184 இடங்களோடு ஜெயித்து வந்தது. அதாவது சோவின் கேலியை ரசித்தவர்களே போய் அவர் கேலி செய்த கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். தமிழ்நாட்டில் இது கடைசிவரை மாறவில்லை. சோவை ரசிப்பது வேறு, சோ சொல்வதைக் கேட்பது வேறு.

அப்புறம் 1975 ஜூன் 25. நெருக்கடி நிலை. தலைவர்கள் சிறையில், பத்திரிகைகள் தணிக்கை அதிகாரியின் மேஜையில். துக்ளக் கறுப்பு அட்டையோடு வந்தது. இதில் நான் முக்கியமாக நினைப்பது தைரியத்தை மட்டும் அல்ல. அன்றைக்குத் தமிழ்நாட்டில் நெருக்கடி நிலையை எதிர்த்த பெரிய கட்சி தி.மு.க. சோ அதுவரை தொடர்ந்து கிழித்துத் தொங்கவிட்ட கட்சி. அந்த ஆட்சியை 1976 ஜனவரி 31 அன்று இந்திரா காந்தி அரசு கலைத்தது. தன் எதிரியின் எதிரி அதிகாரத்தின் உச்சத்தில் இருக்கும்போது, ‘நல்லா வேணும் இவங்களுக்கு’ என்று ஒதுங்கியிருக்கலாம். அவர் ஒதுங்கவில்லை. தன் எதிரியை அடித்த கையையும் எதிர்த்தார்.

ஒரு விமர்சகனை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. அவர் யாரைத் தாக்குகிறார் என்பது பெரிய விஷயம் இல்லை. தனக்குப் பிடித்த விளைவைத் தரும் அநியாயத்தை என்ன செய்கிறார் என்பதுதான் விஷயம். இந்த அளவுகோலை எனக்குக் கொடுத்தவரே சோதான். அதை வைத்தே அவரை அளக்கவும் வேண்டியிருக்கிறது.

*

எங்கள் ஊர் கடத்தூர். தருமபுரி மாவட்டம். பொம்மிடியில் ரயில் பிடித்து வெளியூர் போகிற ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த பெயர். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அங்கே துக்ளக் வாங்கியவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அதில் ஒருவர் எங்கள் தெருவில் இருந்த ரிட்டயர்டு வாத்தியார். பழைய இதழ்களை வருஷவாரியாகச் சணலில் கட்டி வைத்திருப்பார். படிக்கக் கொடுப்பார், திரும்ப வாங்கும்போது பக்கம் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அரசியல் என்றால் கொடியும் மைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அமைச்சரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று காட்டியது அந்தக் கட்டுகள்தான். கேள்வி பதில் பகுதியை மட்டும் தேடித்தேடிப் படிப்பேன். நீளமான கேள்வி, ஒரே வரியில் பதில். அந்த ஒரு வரியில் ஒரு தலைவரின் மாலை மரியாதை எல்லாம் கழன்று விழும்.

வாத்தியார் சொல்வார்: “இந்த ஆளு யாருக்கும் பயப்பட மாட்டான் தம்பி. எல்லாரையும் கிழிக்கறான் பாரு. அவன்தான் நடுநிலை.”

எல்லாரையும் கிழிப்பதுதான் நடுநிலையா? இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தோடுதான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் இட ஒதுக்கீட்டைப் பற்றிய கேலி ஒன்றைப் படித்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைச் சோ தொடர்ந்து எதிர்த்தவர். 1990-ல் வி.பி. சிங் அரசு மண்டல் கமிஷன் பரிந்துரையைக் கையில் எடுத்தபோதும் எதிர்த்தார், பிறகும் எதிர்த்தார். “சார், இது நம்மளத்தானே சொல்றாரு?” என்று கேட்டேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நம்மளத்தான் திட்றான். ஆனா எவ்ளோ அழகா திட்றான் பாரு.”

எங்கள் மாவட்டத்தில் இட ஒதுக்கீடு என்பது பத்திரிகையில் படிக்கிற தலைப்பு இல்லை. 1987 செப்டம்பரில் வட மாவட்டங்களில் ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன் தொடர்ச்சியாக 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்தது. நான் பொறியியல் படித்த சீட் அந்த 20 சதவீதத்திலிருந்து வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கவுன்சலிங் ஹாலில் திரையில் சீட் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் அப்பா இருந்தார். அவருக்கு அந்தத் திரையில் என்ன ஓடுகிறது என்றே தெரியாது. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘தகுதி’ என்ற சொல்லை வைத்து வரும் கேலிகளை அதற்குப் பிறகு என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. இங்கே சோ எதையும் மாற்றிக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் இதழிலிருந்து கடைசிவரை அவர் ஒரே இடத்தில் நின்றார். மாறியது என் கண்ணுக்குத் தெரிந்த விஷயம். அவர் எல்லோருக்கும் மேலே, எங்கேயோ ஆகாயத்தில் நின்று சிரிக்கிறார் என்று தோன்றிய இடத்தில், அவர் காலுக்குக் கீழேயும் ஒரு தெரு இருக்கிறது என்று தெரிந்தது. எல்லாருக்கும் அப்படி ஒரு தெரு இருக்கும், எனக்கும் இருக்கிறது. அது குற்றம் இல்லை. ஆனால் தெருவே இல்லாதவர் போல ஒரு குரல் கேட்கும்போது, அதற்குப் பெயர் நடுநிலை என்று நமக்குச் சொல்லப்படும்போது, விசாரிக்க வேண்டியிருக்கிறது.

*

மனம் விலகுவதில் இரண்டு வகை இருக்கிறது. விமர்சகர் மாறிவிட்டதால் விலகுவது ஒன்று. அவர் எப்போதும் எங்கே நின்றார் என்பது நமக்குத் தெரிந்துவிட்டதால் விலகுவது இன்னொன்று. மேலே சொன்னது இரண்டாவது வகை. அதில் அவர்மேல் புகார் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. முதல் வகையில்தான் புகார் இருக்கிறது.

1991 முதல் 1996 வரையிலான ஜெயலலிதா ஆட்சியைச் சோ கடுமையாக எதிர்த்தார். 1996 தேர்தலில் தி.மு.க.வும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசும் சேர்ந்து நிற்கப் பாலமாக இருந்தவர்களில் அவர் ஒருவர். காலமெல்லாம் எதிர்த்த கருணாநிதியோடு கூட்டணிக்கு வேலை செய்தார். ஊழலை அகற்ற வேண்டும் என்பது காரணம். மறுபடியும் அதே அளவுகோல், நேராக.

2011-ல் அதே சோ, அ.தி.மு.க.வும் தே.மு.தி.க.வும் சேர வேண்டும் என்று வெளிப்படையாகப் பாடுபட்டார். அப்போது காரணம் தி.மு.க.வின் ஊழல், அலைக்கற்றை விவகாரம். நியாயமான காரணம்தான். ஆனால் 1991-96 காலத்துச் சொத்துக்குவிப்பு வழக்கு அப்போதும் பெங்களூரு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. 1996-ல் எந்தக் காரணத்துக்காக ஒரு ஆட்சி போக வேண்டும் என்றாரோ, அந்தக் காரணத்தின் மீது தீர்ப்பு வந்தது 2014 செப்டம்பர் 27 அன்று. காரணம் தீராமலேயே அதன் எடை குறைந்துவிட்டது.

‘இரண்டில் எது குறைந்த தீமையோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதானே’ என்று கேட்கலாம். ஓட்டுப் போடுகிறவன் அப்படித்தான் செய்கிறான், அவனுக்கு வேறு வழியில்லை. ஆனால் குறைந்த தீமை எது என்ற கணக்கை யார், எங்கே உட்கார்ந்து போடுகிறார்கள் என்பது இருக்கிறது. சென்னையில் போட்ட கணக்கில் ஊழல், நிர்வாகத் திறமை என்று வரிகள் இருந்தன. எங்கள் மாவட்டத்தில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு.

ஒன்று, வாச்சாத்தி. அரூர் பக்கத்து மலையடிவாரக் கிராமம். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து ஊரைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு, எல்லோரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. இன்னொன்று, 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்ற செய்தி வந்ததும், தருமபுரியை ஒட்டிய இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்கு அவர் கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். சுற்றுலா வந்த மாணவிகள் மூன்று பேர் உள்ளேயே கருகிப்போனார்கள். அப்போது நான் சின்னப் பையன். அதற்குப் பிறகு ரொம்ப வருஷம், டவுனுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்து சீட்டாகப் பார்த்து உட்காரு என்று அம்மா சொல்லுவாங்க.

தீ வைக்கச் சொன்னது ஜெயலலிதா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. பின்னாளில் அந்த ஓட்டல் வழக்கிலிருந்தும் அவர் விடுதலையானார். நான் அதைச் சொல்ல வரவில்லை. 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மூன்று பேரின் தூக்குத் தண்டனையை உறுதி செய்த செய்தி எங்கள் ஊர் டீக்கடையில் பேசப்பட்ட சில மாதங்களில்தான் ‘குறைந்த தீமை’ கணக்கு வந்தது. அந்தக் கணக்கில் இந்த வரிகளுக்கு மதிப்பெண் எவ்வளவு என்பதுதான் கேள்வி. தண்டனை பிறகு 2016-ல் ஆயுளாகக் குறைந்தது, 2018 நவம்பரில் மூவரும் விடுதலை ஆனார்கள். அதுவும் அரசியல் செய்திதான். அதற்கு யாராலும் ஜோக் எழுத முடியாது.

*

இந்த இடத்தில்தான் கேலி என்ற ஆயுதத்தின் எல்லை தெரிகிறது.

சோவின் உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்: ஏமாற்றும் அரசியல்வாதி, ஏமாறும் ஜனம். இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கலாம். அடிபட்டவன் என்று மூன்றாவதாக ஒருவன் அதில் கிடையாது, ஏனென்றால் அவனை வைத்துச் சிரிக்க முடியாது. ‘எல்லாரும் திருடர்கள்’ என்று முப்பது வருஷம் வாராவாரம் சிரித்தால் என்ன ஆகும்? எதிர்பார்ப்பு மெல்ல மெல்லத் தரைக்கு வந்துவிடும். எதிர்பார்ப்பு தரைக்கு வந்த பிறகு, ‘திருடர்களுக்கு நடுவில் கெட்டிக்காரராவது இருக்கட்டும், உறுதியானவராவது இருக்கட்டும்’ என்ற இடத்துக்கு வருவது ஒரு எட்டுதான். எல்லோரையும் சமமாகக் கேலி செய்த சோ, கடைசிக் காலத்தில் வலிமையான தலைவர்களைச் சிபாரிசு செய்தது எனக்கு முரண்பாடாகத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு போய்ச் சேரக்கூடிய ஊர்களில் அதுவும் ஒன்று. 1999 முதல் 2005 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 2008 ஜனவரி 14 அன்று துக்ளக் ஆண்டு விழாவுக்கு நரேந்திர மோடி வந்தார். அதே நாள் போயஸ் தோட்டத்தில் ஜெயலலிதா வீட்டில் அவருக்கு மதிய விருந்து. மோடி பிரதமராக வர வேண்டும் என்று சோ வெளிப்படையாகவே சொன்னார். ஒளித்து மறைத்து எதையும் செய்யவில்லை. அதுவும் அவருக்குச் சேர வேண்டியதுதான்.

ஒரு கட்சியை ஆதரிப்பதால் விமர்சகனின் தகுதி போய்விடாது. என் வேலையிலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் கோட் ரிவ்யூ என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துத் தப்பு சொல்ல வேண்டும். ரிவ்யூ செய்பவருக்கு டீமில் நண்பர்கள் இருக்கலாம், சேர்ந்து டீ குடிக்கலாம். ஊர் முழுக்கத் தப்புக் கண்டுபிடிப்பவர் நண்பனுடையதை மட்டும் திறந்து பார்க்காமலே அப்ரூவ் செய்தால்தான் பிரச்சினை. அதற்குப் பிறகு, மற்றவர்களிடம் அவர் கண்டுபிடித்த தப்புகள் எல்லாம் பொய்யாகிவிடுமா? ஆகாது. அந்தத் தப்புகள் தப்புகள்தான். ஆனால் ‘அவர் பார்த்துட்டார், போதும்’ என்று நாம் நிம்மதியாக இருந்தோமே, அது போய்விடும்.

இந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன். வாதம் வேறு, நம்பிக்கை வேறு. வாதம் யார் வாயிலிருந்து வந்தாலும் சரி என்றால் சரி. 1975-ல் சோ சொன்னதை 2011-ல் சோ செய்தது எதுவும் அழிக்க முடியாது. நம்பிக்கை என்பது கடன். எல்லாச் செய்தியையும் எல்லாச் சட்டத்தையும் நாமே படித்துச் சரிபார்க்க முடியாது என்பதால், ஒருவரை நம்பி அந்த வேலையை அவரிடம் விடுகிறோம். தைரியம் ஒரு செயலுக்கு உரியது. அந்தச் செயல் முடிந்த பிறகும் ஆயுசுக்கும் அதற்கு வட்டி வராது.

சோவுக்கு மட்டும் நடந்தது இல்லை இது. அருண் ஷோரி நெருக்கடி நிலைக்கு எதிராக எழுதியவர், 1981-ல் மகாராஷ்டிர முதல்வர் அந்துலேயின் சிமெண்ட் ஊழலை வெளிக்கொண்டு வந்தவர், 1982-ல் மகசேசே விருது பெற்றவர். பிறகு வாஜ்பாய் அரசில் அமைச்சர், அதற்கும் பிறகு மோடி அரசின் கடும் விமர்சகர். இப்போது அவர் சொல்வதைக் கேட்கும்போது இரண்டு தரப்புக்கும் ஒரு தயக்கம் இருக்கிறது. கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் வியட்நாம் போரை எதிர்த்து வளர்ந்தவர், 2003-ல் இராக் போரை ஆதரித்தார். அவர் ரசிகர்கள் ஒரே இரவில் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பாதி அவர் முன்பு எழுதியதையும் தூக்கிப் போட்டது. இன்னொரு பாதி அவர் சொன்னார் என்பதற்காகப் போரையும் ஏற்றுக்கொண்டது. இரண்டு பாதியும் செய்தது ஒரே வேலைதான்: வாக்கியத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தது.

*

ஒருவர்மேல் வைத்த மரியாதை போகும்போது மூன்று கதவுகள் திறந்திருக்கும். ‘அந்த ஆளு முதல்லேர்ந்தே ஃப்ராடு’ என்பது ஒன்று. அது கறுப்பு அட்டையை இல்லை என்று சொல்வது, அதாவது பொய். ‘இவர் போனால் இன்னொருத்தர்’ என்று புதிய ஆளைப் பிடிப்பது இரண்டாவது. இன்றைக்கு யூடியூபில் அதற்குப் பஞ்சமே இல்லை. அதே ஒரு வரி பதில், அதே கைதட்டல், தெரு மட்டும் வேறு. மூன்றாவது, ‘எவனையும் நம்பக் கூடாது’. அறிவாளித்தனமாகத் தெரியும், ஆனால் அது ‘எல்லாரும் திருடர்கள்’ என்பதன் இன்னொரு பதிப்பு. சோவை விட்டு வெளியே போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர் வீட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே வருவது.

நம்பிக்கையைத் திரும்ப வாங்கினால் கூடவே வேலையும் திரும்ப வரும். அவரிடம் விட்டிருந்த வேலை. தீர்ப்பை நாமே படிப்பது, தேதிகளை ஒப்பிடுவது, சொன்னது எப்போது, செய்தது எப்போது என்று பார்ப்பது. அலுப்பான வேலை, யாரும் கைதட்ட மாட்டார்கள். வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

வாத்தியாரோடு இதையெல்லாம் பேசியிருக்கிறேன். 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா, 7 அன்று சோ என்று இரண்டு சாவும் அடுத்தடுத்து வந்த வாரத்துக்குப் பிறகு ஊருக்குப் போயிருந்தேன். அவர் சணல் கட்டுகளைத் தூக்கிப் போடவில்லை. போடச் சொல்லி நானும் கேட்கவில்லை. “நீ சொல்றது சரியாத்தான் இருக்கும் தம்பி, ஆனா அந்தக் காலத்துல வேற யாரு பேசினாங்க?” என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஏனென்றால் அந்தக் கேள்வி நியாயமானது. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “நம்மளத் திட்னப்ப சிரிச்சிருக்கக் கூடாதோ?” நான், “சிரிக்கலாம் சார், அழகாத்தான் இருந்துது” என்றேன். அவருக்கு ஆறுதலுக்காக அதைச் சொல்லவில்லை. நம்மைப் பற்றிய கேலிக்குச் சிரிக்கத் தெரிந்தவன்தான் தனக்குப் பிடித்தவர் மேல் வரும் விமர்சனத்தையும் தாங்குவான்.

நான் இப்போது தொடர்ந்து வாசிக்கிற அரசியல் எழுத்தாளர்கள் நாலைந்து பேர் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டில் இரண்டு பத்தி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவர் எழுதிய விஷயங்கள். இன்னொன்றில், அவர் பக்கத்து ஆட்கள் செய்து, அவர் எழுதாமல் விட்ட விஷயங்கள். இரண்டாவது பத்தி எல்லோருக்கும் இருக்கிறது. எவ்வளவு நீளம் என்பதுதான் வித்தியாசம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது.